கெட்டிமேளத்துக்கு அடியில்

எங்கள் ஆய்வகத்தில் பேச்சு திரும்பக் கிடைத்த முதல் ஆள் ஒரு பஸ் கண்டக்டர். பக்கவாதம் வந்து வாய் அடைத்துப்போய், வருஷக்கணக்கில் 'ம்' மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர். வீட்டார் கொண்டுவந்த பக்திப் பாட்டு எதற்கும் அவர் மூளை அசைந்து கொடுக்கவில்லை. யாரோ விளையாட்டாகப் பழைய தனியார் பஸ்ஸின் ஏர் ஹாரன் இசையைப் போட்டுவிட, திரையில் கோடுகள் துள்ளின. அதையே பிடித்துக்கொண்டு வேலை செய்தோம். ஒருநாள் வாய் திறந்தார். "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்றார். அவர் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அந்த அறையில் படியே கிடையாது என்பது எங்கள் இருவருக்கும் பெரிதாகப் படவில்லை.

பெரிதாகப் பட்டிருக்க வேண்டும். எங்கள் சிகிச்சையின் கோளாறே அதுதான். பேச்சு திரும்பும்; ஆனால் முதலில் வரும் வாக்கியம் நோயாளி தேர்ந்தெடுத்ததாக இருக்காது. எந்த இசையைப் பிடித்து ஏறி வருகிறாரோ, அந்த இசையோடு ஒட்டிக்கொண்டு கிடந்த வாக்கியம்தான் முதலில் வெளியே விழும். அதற்குப் பிறகுதான் சொந்தப் பேச்சு. கண்டக்டர் கதையைச் சொல்லி, இதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்கூட்டியே விளக்கிவிடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். சென்னியப்பனும் சிரித்தார்.

சென்னியப்பன் காங்கயத்துக்காரர். வேலைக்காலம் முழுவதும் பம்பு மோட்டார் விற்றவர். கிணறே இல்லாதவனுக்கும் இவர் மோட்டார் விற்றிருப்பார் என்று எங்கள் நர்ஸ்கள் பேசிக்கொள்வார்கள். அப்படி ஒரு வாய். மனைவி பூங்கொடியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த முதல் நாளே கோயமுத்தூர் வெயில், கனடாவில் இருக்கும் மகள், ஓட்டுநர் இல்லாத பஸ்ஸில் சண்டை போட ஆளில்லை என்கிற குறை, எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். நாற்காலியில்கூடச் சம்மணம் போட்டுத்தான் உட்காருவார். மூட்டுவலிக்காரருக்கு அது ஆகாது. பூங்கொடி தன் இடது கையை நீட்டி அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுவார். உடனே காலைக் கீழே போட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்வார்.

பூங்கொடிக்கு மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கையும் காலும் மெல்லத் தேறிக்கொண்டிருந்தன. பேச்சு தேறவில்லை. நாம் சொல்வது முழுக்கப் புரியும், பதில்தான் வராது. அவர் முகத்தில் ஓர் அமைதி இருந்தது. பேச்சுப் போனதால் வந்த அமைதியா, முன்பே இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

"பாட்டுக் கேட்டா பேச்சு வந்துருமுங்களா அம்மிணி?" என்று கேட்டார் சென்னியப்பன். தூத்துக்குடியில் பிறந்த பெனிட்டாவான என்னை அம்மிணி என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

"வெறுமனே கேட்டா வராது சார். பேச்சுக்கு மூளையில ஒரு வீடு இருக்கு. அந்த வீட்டுக்குப் போற தெரு இடிஞ்சு கெடக்கு. ஆனா பாட்டுக்கு மூளையில நாலு பக்கமும் ஆளுங்க உண்டு. அதனால பாட்டோட கொல்லைப்புறம் வழியா அந்த வீட்டுக்குள்ள போறோம். இவங்களுக்கு ரொம்ப ஆழமாப் பதிஞ்ச ஒரு இசையைக் கண்டுபிடிச்சு, அதே தாளத்துல இந்தத் தொப்பி வழியா லேசா மின்சாரம் தட்டுவோம். தட்டத் தட்டப் புதுசா ஒரு பாதை விழும்."

"மோட்டார் சுத்த ஆரம்பிக்கறதுக்குக் கண்டென்சர் போடறாப்பல" என்று அவரே முடித்துக்கொண்டார். விற்றவர் புத்தி அது. எதையும் தனக்குப் புரிந்த சாமானாக மாற்றிவிடுவார்.

வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், தலையில் அடி, வலிப்பு. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து தலைவலின்னுகூடப் படுத்ததில்லை" என்றார். பூங்கொடி அப்போது அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் பேசும்போது மனைவி பார்ப்பது ஓர் அதிசயமா என்ன? நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

அதன்பிறகு இசை தேடும் வேலை. நோயாளிக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், எது பிடித்திருந்தால் மரியாதையாக இருக்குமோ அதைச் சொல்வதுதான் நம் வீடுகளில் வழக்கம். சென்னியப்பனும் முதலில் முருகன் பாட்டுகளாகக் கொண்டுவந்தார். கோடுகள் படுத்துக் கிடந்தன. அப்புறம் சினிமாப் பாட்டு, மகளின் முதல் பிறந்தநாள் சத்தம், பக்கத்துக் கோயில் திருவிழாச் சத்தம். ஏதோ கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். கடைசியில் கல்யாணக் குறுந்தகட்டை எடுத்து வந்தார். அதைப் போட்டுக் கேட்க உக்கடத்தில் பழைய சாமான் கடை கடையாக அலைந்து ஒரு கருவி வாங்க வேண்டியிருந்தது.

நாதஸ்வரத்துக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஊஞ்சல் பாட்டுக்கும் இல்லை. யாரோ விரலை உயர்த்தி, "கெட்டிமேளம்" என்று சொல்ல, தவில்கள் ஒன்றுசேர்ந்து விழுந்தன. திரையில் கோடுகள் கூரையைத் தொட்டன. என் வேலைக்காலத்தில் அப்படி ஒரு எழுச்சியை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு சிகரத்தின் மீதும் முள் முள்ளாகக் கூர்மையாக ஏதோ நின்றது. அதையும் சேர்த்தே ரசித்தேன்.

சென்னியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வகத்திலிருந்தே மகளைக் கூப்பிட்டு, "உங்கம்மா மூளையில எங் கல்யாணந்தான் இருக்குது சாமி" என்றார். நர்ஸ்களுக்கெல்லாம் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன். எங்கள் கருவி, இசை எவ்வளவு ஆழமாகத் தைத்திருக்கிறது என்று மட்டும்தான் காட்டும். சந்தோஷமாகத் தைத்ததா பயமாகத் தைத்ததா என்று காட்டாது. எனக்கு இது தெரியும். மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் கல்யாண மேளம் என்றதும் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டேன்.

சிகிச்சை தொடங்கியது. தொப்பி, கெட்டிமேளம், அதே தாளத்தில் மின்சாரத் தட்டு. சில வாரங்களில் பூங்கொடியின் உதடுகள் அசைய ஆரம்பித்தன. சத்தம் இல்லை, அசைவுதான். மேளம் உச்சத்துக்குப் போகும் அதே இடத்தில், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி. அசையும்போது கண்கள் கணவரைத் தேடிப் போகும். அந்தப் பார்வையில் எனக்குச் சந்தோஷம் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்பதை, அவர் பேச்சு குறைந்ததிலிருந்து புரிந்துகொண்டேன்.

ஒருநாள், கல்யாணப் படத்தைச் சத்தமில்லாமல் போடச் சொன்னார். மணையில் உட்கார்ந்திருக்கும் மெலிந்த சென்னியப்பனை அடையாளம் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. மேளக்காரர்கள் கன்னம் உப்ப ஊதுகிறார்கள். அவர் தாலியை எடுத்துக் குனிகிறார். அப்போது பூங்கொடியின் உதடுகள் அசைகின்றன. இன்று அசையும் அதே அசைவு. மாப்பிள்ளை தலையாட்டுகிறார். தாலி கட்டுகிறார்.

"இவ என்னமோ சொல்லியிருக்கா. நான் தலையாட்டியிருக்கறேன்" என்றார் சென்னியப்பன். "எதுக்குத் தலையாட்டுனேன் அம்மிணி?"

எனக்கெப்படித் தெரியும்? எதற்காக அவ்வளவு சத்தமாக அடிக்கிறார்கள் என்றுதான் கேட்டேன். அந்த நேரத்தில் யாரும் தும்மிவிடக் கூடாது, அழுதுவிடக் கூடாது, அச்சானியமாக ஒரு சொல் யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் என்றார். எங்கள் பக்கம் தேவாலயத்தில் அந்த நேரத்தில்தான் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள். சம்மதமா என்று சாமியார் மைக்கில் கேட்பார். சம்மதம் என்று மைக்கில் சொல்ல வேண்டும். இங்கே சொல்ல வேண்டியதை மேளத்துக்கு அடியில் சொல்லியிருக்கிறாள் ஒருத்தி. மேளம் தன் வேலையைச் செய்துவிட்டது.

அடுத்த கட்டத்துக்கு மின்சாரத்தின் அளவைக் கூட்ட வேண்டும். அதற்குக் கணவரின் கையெழுத்து வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் சென்னியப்பன் போடவில்லை. இன்று நாள் நல்லாயில்லை என்பார், மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை என்பார். கனடாவிலிருந்து மகள் என்னைக் கூப்பிட்டு, அம்மா பேச வேண்டாமென்று அப்பா நினைக்கிறாரா என்று கேட்டாள். எனக்கும் எரிச்சல்தான். இவ்வளவு பேசுகிற மனுஷன், மனைவி பேசக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? நேராகவே கேட்டுவிட்டேன்.

மாடித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"மொத வாக்கியம் அதுதான் வரும்னு நீங்கதான அம்மிணி சொன்னீங்க. அந்தக் கண்டக்டராட்ட. இவளுக்கு என்ன வரும்? உங்களைக் கட்டிக்க எனக்கு இஷ்டமில்லைன்னு வந்துச்சுன்னா நான் எங்க போறது? பேசாம இருந்தா, இருக்கறது இருந்துட்டுப் போகுதுங்க."

சாட்சிகளையும் அடுக்கினார். கல்யாணமான புதிதில் ஆசையாக ஒரு ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்தாராம். பூங்கொடி அதைத் தொடவே இல்லை. வண்டியைப் பார்க்கவில்லை, இவர் முகத்தைத்தான் விநோதமாகப் பார்த்தாராம். குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போட மாட்டார். இவர் சத்தம் போட்டால் அதற்கும் அதே பார்வை. தீபாவளிக்குக் கண்ணைப் பறிக்கிற சீரியல் விளக்குக் கட்டினால் உள்ளறைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். "என்கூடச் சந்தோசமா இருந்தவ இப்படியெல்லாம் இருப்பாளுங்களா?" என்று கேட்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மோட்டார் விற்ற வாய், சொந்த வீட்டில் ஒரு கேள்வியைக்கூடக் கேட்டு வைக்கவில்லை.

படத்திலிருந்து மேளத்தை உரித்தெடுத்துவிட முடியும் என்று எனக்குத் தெரியும். இசையைத் தனித்தனி இழையாகப் பிரிப்பதுதான் எங்கள் அன்றாட வேலை. தவிலை எடுத்து, நாதஸ்வரத்தை எடுத்து, கூட்டத்தின் இரைச்சலை எடுத்தால் அடியில் இருப்பது கிடைக்கும். ஆனால் யாருக்கும் கேட்கக் கூடாது என்று ஊரே கூடி அடித்த மேளத்தை நான் யார் உரிக்க? அப்படி ஒரு வழி உண்டு என்று சொன்னதும், அவள் வாயால் வருவதற்குள் நானே தெரிந்துகொள்கிறேன் என்று சென்னியப்பன் கேட்டுக்கொண்டார். மகளும் கேட்டுக்கொண்டாள். கேட்க வேண்டியவரிடம் கேட்காமல் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பூங்கொடிக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. அவர் இடது கையை என் கைமேல் வைத்துக்கொள்வார். ஒரு தடவை அழுத்தினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. கல்யாணத்தன்று நீங்கள் சொன்னதை நாங்கள் பிரித்துக் கேட்கலாமா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் கணவரைப் பார்த்தார். பிறகு ஒரு தடவை அழுத்தினார். நான் நன்றி சொல்லக் கையை எடுக்கும் நேரத்தில் இன்னொரு அழுத்தம் வந்ததுபோல் இருந்தது. அது இரண்டாவது அழுத்தமா, கையை விட மனமில்லாமல் பிடித்ததா? மறுபடி கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டேன். இன்றுவரை அதில் எனக்கு நிச்சயம் இல்லை.

பூங்கொடியை வீட்டில் மகளின் தோழியோடு இருக்கச் செய்துவிட்டு, சென்னியப்பன் மட்டும் வந்தார். முதலில் தவில் போயிற்று. நாதஸ்வரம் போயிற்று. படத்தில் மேளக்காரர்கள் சத்தமில்லாமல் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு குழந்தை அழுதது. யாரோ தும்மினார்கள், சென்னியப்பன் தன்னையறியாமல் அப்பால் திரும்பினார். அதன்பிறகு ஒரு பெண்குரல், அவசர அவசரமாக, மூச்சை அடக்கிக்கொண்டு:

"ஏனுங்க, எனக்கு வலிப்பு வருமுங்க. சின்னதுல இருந்து. ஊட்டுல சொல்லாம மறைச்சுப்போட்டாங்க. வேண்டாம்னா இப்பவே எந்திரிச்சிருங்க."

மாப்பிள்ளை தலையாட்டினார்.

நான் இன்னொரு தடவை போடவில்லை. அவரும் கேட்கவில்லை. தன் அக்கா பின்னால் நின்று, "குனி, குனி" என்று சொல்லிக்கொண்டிருந்ததாகவும், அதற்குச் சரி சரி என்று ஆட்டியிருப்போம் என்றும் சொன்னார். பிறகு அந்தக் காலத்துச் சாப்பாட்டுப் பந்தியைப் பற்றி ஏதோ ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

"கேட்டிருந்தா எந்திரிச்சிருப்பேனுங்க அம்மிணி" என்றார்.

"சார்."

"பொய் சொல்றதுல என்ன இருக்குது. எங்கம்மா உட்டிருக்காது, அது வேற. நானே எந்திரிச்சிருப்பேன். பயந்திருப்பேன். அந்த வயசு, அந்தப் புத்தி. ஊருக்குள்ள அவ மானத்தை வாங்கிப்போட்டு வந்திருப்பேன். மேளம் கொஞ்சம் மெதுவா அடிச்சிருந்தா எனக்குப் பொண்டாட்டியும் இல்ல, புள்ளையும் இல்ல."

அவர்மீது கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் எதற்காக? அன்று கேட்காததற்கா, கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார் என்பதற்கா, இன்று உண்மையைச் சொன்னதற்கா? ஒன்றும் பிடிபடவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று அதற்குள் வந்துவிட்டது. வலிப்பு உள்ளவர்களின் மூளையில் தாளத்தோடு மின்சாரம் தட்டுவது விளையாட்டில்லை. பூங்கொடியின் பதிவுகளைத் தூக்கிக்கொண்டு நரம்பியல் மருத்துவர் இம்தியாஸிடம் ஓடினேன். அவர் சிகரங்களின் மேலே நின்ற முட்களைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"இது பாட்டு இல்லம்மா. வருஷக்கணக்கா வெளிய வராம உள்ள அடங்கிக் கெடக்கற வலிப்போட அடையாளம். மேளம் தூண்டியிருக்கு, நீங்களும் கரண்ட் குடுத்துத் தூண்டியிருக்கீங்க. இன்னும் கூட்டியிருந்தீங்கன்னா நிக்காத வலிப்பு வந்திருக்கும். ஏன் கூட்டலை?"

"அவங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போடலை."

"புண்ணியவான்" என்றார் இம்தியாஸ். ஏன் போடவில்லை என்று நான் சொல்லவில்லை.

சிகிச்சையை நிறுத்தினோம். வலிப்புக்கு மருந்து கொடுத்து, முட்கள் அடங்கும்வரை காத்திருந்தோம். நான் ஒரே கேள்வியைப் போட்டு மென்றுகொண்டிருந்தேன். வாராவாரம் அந்த உதடுகள் அசைந்ததே, அது அன்றைய வாக்கியம் மேளத்தோடு ஒட்டிக்கொண்டு வந்ததா? அல்லது தலையில் மின்சாரத் தொப்பியை மாட்டிவிட்டு மைசூர்பாகு தின்றுகொண்டிருந்த எங்களிடம், எனக்கு வலிப்பு வரும் என்று அவர் இன்றைக்குச் சொன்னதா? இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். கருவியில் அதற்குத் தனிக் கோடு கிடையாது.

சென்னியப்பனின் குழப்பம் வேறு. அவர் வாய் மூடிப்போனார். நர்ஸ்கள் பயந்துபோய், இவருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள்.

"எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சு இருந்திருக்காளுங்க" என்றார் ஒருநாள். "வலிப்புக்காரிக்கு எதுக்கு ஸ்கூட்டின்னுதான் என் மூஞ்சியப் பார்த்திருக்கா. உள்ள உழுந்து கெடந்தா யார் தூக்குவாங்கன்னு தாப்பாள் போடாம இருந்தா, நான் வெக்கங்கெட்டவளேன்னு திட்டியிருக்கறேன். வெளக்கு மினுக்குனா வலிப்பைத் தூண்டும்னுதான் உள்ளறைக்குப் போயிருக்கா. எல்லாந் தெரிஞ்ச ஒருத்தன் இப்படிச் செய்வானான்னு எத்தனை தடவ நெனச்சிருப்பா?"

"ஒருவேளை உங்களுக்குக் கேக்கலைன்னு அவங்களுக்கே தெரியுமோ என்னவோ" என்றேன். "சொன்ன மாதிரியும் ஆச்சு, கேக்காத மாதிரியும் ஆச்சுன்னு அந்த நேரமாப் பார்த்துச் சொல்லியிருக்கலாம் இல்லையா?"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் இன்னும் குழம்பிப்போயிற்று. அவள் பேசியதும், அன்றைக்குக் கேட்டது என்று சொல்லட்டுமா, கேட்கவில்லை என்று சொல்லட்டுமா என்று என்னிடம் கேட்டார். தெரிந்து கட்டினார் என்ற எண்ணத்தில் ஒரு வாழ்க்கையை நடத்தியவளிடம் போய், கேட்டிருந்தால் ஓடியிருப்பேன் என்றா சொல்வது? சொல்லாமல் விட்டால், வேறு யாருக்கோ உரிய மரியாதையை இவர் வாங்கிக்கொண்டதாகாதா? மூளையைப் பற்றி நான் படித்த எதிலும் இதற்குப் பதில் இல்லை. தெரியவில்லை சார் என்று சொன்னேன்.

மழைக்காலம் தொடங்கியபோது இம்தியாஸ் சம்மதம் கொடுத்தார். மிகக் குறைந்த மின்சாரம், பக்கத்தில் மருந்தோடு அவரே. மேளத்தை மெதுவாக்கி, சத்தத்தைத் தணித்து, யாரோ பக்கத்துத் தெருவில் வாசிப்பதுபோல் ஆக்கியிருந்தேன். இந்தத் தடவை, பூங்கொடி தன் கையை என் கைமேல் வைத்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒரு தடவை அழுத்தினார். சென்னியப்பன் பக்கத்து நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

நாலாவது வாரத்தில் அது வந்தது. மேளம் முடிந்து, கருவியை அணைத்து, அறை அமைதியான பிறகு வந்தது. முதலில் காற்று. அப்புறம் ஒரு முனகல். அப்புறம், கல்லிடுக்கில் தண்ணீர் கசிவது மாதிரி, ஒவ்வொரு சொல்லாக.

"ஏனுங்க."

சென்னியப்பன் நிமிர்ந்தார்.

"எனக்கு... வலிப்பு... வருமுங்க."

மேளம் இல்லை, கூட்டம் இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. வீட்டில் மறைத்ததைச் சொன்னார். நின்று மூச்சு வாங்கினார். "வேண்டாம்னா... இப்பவே... எந்திரிச்சிருங்க" என்று முடித்து, அவர் முகத்தையே பார்த்தார்.

சொல்ல வேண்டியதை எல்லாம் சென்னியப்பன் மனப்பாடம் செய்து வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். எதையும் சொல்லவில்லை. தலையும் ஆட்டவில்லை. இரண்டு கையாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலையைப் பார்த்தால் சரியாகிவிடும் என்று தொப்பியைக் கழற்றினேன், கம்பிகளைச் சுருட்டினேன். இம்தியாஸ் பூங்கொடியின் நாடித்துடிப்பைப் பார்த்துவிட்டு, என் தோளில் தட்டிக்கொடுத்துப் போனார். அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தார். சார், எழுந்திருங்கள், டீ குடித்துவிட்டு வரலாம் என்றேன். அவர் அசையவில்லை. நர்ஸ் வந்து, நாற்காலியை எடுக்க வேண்டும் என்றாள். அதற்கும் அசையவில்லை.

"சார், கொஞ்சம் எந்திரிங்க."

"இல்லீங்க அம்மிணி. இப்ப எந்திரிச்சா தப்பாயிருமுங்க" என்றார்.

அது பழைய வாக்கியம், மேளத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது, கண்டக்டர் படியில் நிற்காதே என்று சொன்ன மாதிரிதான், உங்களிடம் இன்று கேட்ட கேள்வி அல்ல என்று விளக்க வாயெடுத்தேன். பூங்கொடியின் முகத்தைப் பார்த்தேன். அது கேள்வி இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த நோயாளியை வேறு அறைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, நானும் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டேன்.

மழை விட்டது. சென்னியப்பனுக்கு வலி எடுத்திருக்க வேண்டும், முகம் காட்டியது. பூங்கொடியின் இடது கை வழக்கம்போல் அவர் முழங்காலைத் தட்ட நீண்டது. பாதி வழியில் நின்றது. கையை மடியில் வைத்துக்கொண்டார். உதடுகள் அசைந்தன. நான் பார்த்துப் பழகியிருந்த அந்த அசைவு இல்லை, இது வேறு. தொப்பி என் கையில் இருந்தது. மேளம் எங்கேயும் இல்லை.

"காலு... மரத்துப் போயிருமுங்க" என்றார் பூங்கொடி. "போதும். எந்திரிங்க."

சென்னியப்பன் காலைக் கீழே போட்டார். உண்மையிலேயே மரத்துப்போயிருந்தது, பூங்கொடியின் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்க முடிந்தது.